எல் தாஹின் தொல்நகரும் வழிகாட்டிச் சேவையும்: இரண்டு நாள் அனுபவம்

மெக்சிகோவின் வளைகுடாக் கரையில், வெராக்ரூஸ் மாநிலத்துப் பபான்ட்லா ஊருக்கு அருகே இருக்கும் எல் தாஹின் தொல்நகரை அடுத்தடுத்து இரண்டு நாட்கள் பார்த்தேன். முதல் நாள் ஒரு சுற்றுலா நிறுவனத்தின் வேனில் கூட்டத்தோடு சென்றேன். மறுநாள், மனம் ஆறாமல், தனியாகத் திரும்பிப் போய் நுழைவாயிலில் உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டேன். ஒரே இடம் இரண்டு நாட்களில் இரண்டு வெவ்வேறு வரலாறுகளாகத் தெரிந்ததால், அங்கே போகவிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வேன் பயணத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். வளாகத்துக்குள் ஒன்றரை மணி நேரம்தான் விட்டார்கள் என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால், இந்தக் கரையின் பூர்வகுடிகளான டோடோனாக்குகள் கட்டினார்கள், மத்திய மெக்சிகோவில் பேரரசு நடத்திய அஸ்டெக்குகள் வந்து அழித்தார்கள் என்று உடன்வந்தவர் இரண்டே வரியில் கதையை முடித்தது பெரும் பிழை. எல் தாஹினின் உச்சக்காலம் சுமார் 800 முதல் 1200 வரை. நகரம் தீக்கிரையாகிக் கைவிடப்பட்டபோது அஸ்டெக்குகளின் தலைநகரான டெனோச்டிட்லான் தோன்றவே இல்லை. கட்டியவர்கள் டோடோனாக்குகளா, இதே கரையின் மற்றொரு பூர்வகுடியான வாஸ்டெக்குகளா, பல இனத்தவரும் கலந்து வாழ்ந்தார்களா என்பதிலும் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து கிடையாது.

மறுநாள் எனக்கு வாய்த்த பெரியவர் டோடோனாக் மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர். அந்த விவாதத்தை அவர் மறைக்கவில்லை. தாஹின் என்றால் தங்கள் மொழியில் இடி என்று விளக்கிவிட்டு, "எங்கள் பாட்டன்மார் கட்டினார்களோ இல்லையோ, தலைமுறை தலைமுறையாக இந்த இடியோடு குடியிருப்பவர்கள் நாங்கள்தான்" என்றார். புகழ்பெற்ற மாடக்குழிப் பிரமிடின் முன் அரை மணி நேரம் நிறுத்திவைத்தார். அதில் மொத்தம் 365 குழிகள் இருந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஓராண்டின் நாட்களை அவை குறிக்கின்றன என்பது பரவலான கருத்து. காலை வெயில் சாய்ந்து விழும்போது ஒவ்வொரு குழியிலும் நிழல் கட்டி நிற்பதைப் பார்த்தால், சிலை வைப்பதற்காக அல்லாமல் இந்த ஒளி நிழல் விளையாட்டுக்காகவே அவற்றைக் குடைந்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. பிரமிடின் மேல் ஏற அனுமதி இல்லை; அந்தக் கண்டிப்பு எனக்குச் சரியாகவே பட்டது.

இந்த வளாகத்தில் தவறவே விடக்கூடாதது தெற்குப் பந்தாட்டக் களம்தான். அதன் சுவர்களில் ஆறு புடைப்புச் சிற்பப் பலகைகள் உள்ளன. முந்தைய நாள் அவற்றைப் படமெடுத்துக்கொண்டு கடந்துவிட்டோம். பெரியவரோ ஒரு பலகையைக் கோடு கோடாகப் படிக்கவைத்தார்: நடுவில் ஓர் ஆட்டக்காரர் சாய்ந்திருக்க, பின்னாலிருப்பவர் அவர் கைகளைப் பிடித்திருக்கிறார், எதிரே நிற்பவர் கத்தியை மார்புக்கு நேராக நீட்டுகிறார், மேலிருந்து எலும்புக்கூடாய் ஓர் உருவம் இறங்கி வருகிறது. விளையாட்டும் பலியும் வழிபாடும் ஒன்றாகவே இருந்த உலகம் அந்த ஒரே கல்லில் துலங்கியது.

ஆனால், டோடோனாக்குகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் அறிய எல் தாஹின் மட்டும் போதாது. வெராக்ரூஸ் துறைமுகத்துக்கு வடக்கே உள்ள செம்போவாலாவுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். 1519இல் ஸ்பானியர் கரையிறங்கியபோது டோடோனாக்குகளின் முதன்மை நகரம் அதுதான். சுண்ணாம்பு பூசிய சுவர்கள் வெயிலில் மின்னியதைக் கண்டு, முன்னால் சென்ற குதிரை வீரன் ஒருவன் அவை வெள்ளி என்றே நம்பித் திரும்பி ஓடிவந்தானாம். அஸ்டெக்குகளுக்குக் கப்பம் கட்டிச் சலித்திருந்த அந்நகரத் தலைவர் ஸ்பானியப் படைத்தலைவர் கோர்தேஸுடன் கைகோத்தார். அஸ்டெக் பேரரசு வீழ்ந்தது, ஆனால் 1520இல் பரவத் தொடங்கிய பெரியம்மையும் அடுத்தடுத்து வந்த கொள்ளைநோய்களும் குடியேற்ற ஆட்சியும் சேர்ந்து செம்போவாலாவையே ஆளில்லாத ஊராக்கிவிட்டன. விடுதலைக்கென்று செய்த ஒப்பந்தம் இப்படி முடிந்ததை அந்தப் புல்வெளியில் நின்று நினைக்கையில் நெஞ்சு கனத்தது.

எல் தாஹின் வாசலருகே நடக்கும் பறப்போர் சடங்கை வேடிக்கையாக எண்ணி நகர்ந்துவிடாதீர்கள். ஐவர் உயர்ந்த கம்பத்தில் ஏறுகிறார்கள். ஒருவர் உச்சியிலுள்ள கையகல மேடையில் நின்று குழலும் சிறு முரசும் இசைக்க, நால்வர் காலில் கயிற்றைக் கட்டிக்கொண்டு தலைகீழாகச் சுழன்று இறங்குகிறார்கள். ஒருவருக்கு 13 சுற்று, நால்வருக்கும் சேர்த்து 52. பழைய நாட்காட்டியின் சுழற்சியும் 52 ஆண்டுகள்தான். 2009இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக அறிவித்தது. கலைஞர்கள் தொப்பியை நீட்டும்போது தாராளமாகக் கொடுங்கள்.

பபான்ட்லாவில் வெனிலா வாங்காமல் திரும்பாதீர்கள். நெடுங்காலம் உலகுக்கு வெனிலா தந்தது இந்த மண்தான். 1841இல் ரீயூனியன் தீவில் எட்மோன் அல்பியுஸ் என்ற அடிமைச் சிறுவன் கையால் மகரந்தச் சேர்க்கை செய்யும் எளிய முறையைக் கண்டறிந்த பிறகே சந்தை இவர்கள் கையைவிட்டுப் போனது. மலிவான புட்டிகளைத் தவிர்த்து முழுக் காயாக வாங்குங்கள். நல்ல காய் கருஞ்சாக்லேட் நிறத்தில், எண்ணெய்ப் பசையோடு, விரலில் சுற்றினாலும் ஒடியாமல் வளையும். வழிகாட்டியின் கட்டணத்தை முன்கூட்டியே பேசிக்கொண்டு, குடையும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு, வாசல் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். பத்து மணிக்குமேல் மாடக்குழிகளின் நிழல் சுருங்கிவிடுகிறது.