பெங்களூரு கோடை விடுமுறை: கேம்ப், டேகேர், கப்பன் பார்க், எது எவ்வளவு தேறும்?

மார்ச் பிறந்ததும் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் கேம்ப் போஸ்டர்கள் வரிசை கட்டிவிடும். இருபது ஆக்டிவிட்டி, பலூன், பல் தெரியச் சிரிக்கும் பிள்ளை. நேரம் மட்டும் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும்: காலை 9.30 முதல் 12.30 வரை. முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். ஒயிட்ஃபீல்டிலோ எலெக்ட்ரானிக் சிட்டியிலோ வேலை பார்க்கிற அப்பா அம்மாவுக்கு, டிராஃபிக்கையும் சேர்த்தால் நாளைக்குப் பத்து மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். வாரத்துக்கு ஐம்பது மணி. கேம்ப் தருவது பதினைந்து. மிச்சம் முப்பத்தைந்துக்கு யார் இருக்கிறார்கள் என்று முடிவாகாமல் கேம்ப்புக்குப் பணம் கட்டக் கூடாது.

இங்கே விடுமுறை ஏப்ரலும் மேயும், பள்ளிக்குப் பள்ளி ஒரு வாரம் முன்னே பின்னே. சுமார் எட்டு வாரம் என்று வைத்துக்கொள்ளலாம். விலையை ஒப்பிடும்போது மொத்தத் தொகையை விட்டுவிட்டு மணிக்கணக்குப் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு, பத்து நாள் கேம்ப் 6,000 ரூபாய், நாளைக்கு மூன்று மணி என்றால் மணிக்கு 200. மாதம் 14,000 கேட்கிற டேகேர், 22 நாள், நாளைக்குப் பத்து மணி என்றால் மணிக்கு 64கூட வராது. வகுப்பதற்கு முன்னால் கிட் காசு, டி-ஷர்ட், கடைசி நாள் மேடைக்கான டிரெஸ், ஜி.எஸ்.டி. எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ள வேண்டும். போஸ்டரில் இருக்கும் தொகையில் இவை பெரும்பாலும் அடங்காது.

அபார்ட்மென்ட் கிளப்ஹவுஸ் கேம்ப்புக்கு ஒரு பெரிய பிளஸ்: லிஃப்டில் இறங்கினால் போதும், வேன் தொல்லை இல்லை. வீட்டில் பாட்டியோ, வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற ஒருவரோ இருந்தால் தாராளமாகச் சேர்க்கலாம். மற்றபடி சரக்கு எங்கும் ஒரே மாதிரிதான். அடுப்பில்லாச் சமையல் என்றால் பேல் பூரி, பிஸ்கட் மேல் வெள்ளரிக்காய். கழிவிலிருந்து கலை என்றால் பேப்பர் பிளேட் ஆமை. நாலு வயதும் பன்னிரண்டு வயதும் ஒரே ஹாலில் உட்கார்ந்தால் பெரியவன் இரண்டாம் நாளே போர் என்று வீட்டில் படுத்துக்கொள்வான். குறைந்தது இரண்டு வயதுப் பிரிவாவது இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரே குரூப் என்றால் எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பணம் தண்டம்.

ரோபாட்டிக்ஸ் என்று போட்டிருந்தால் கேட்க வேண்டிய கேள்வி: எத்தனை பிள்ளைக்கு ஒரு கிட்? நாலு பேருக்கு ஒன்று என்றால் ஒருவன் ஸ்க்ரூ முடுக்குவான், மூன்று பேர் வேடிக்கை பார்ப்பார்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் குட்டி ரோபோ வண்டியிலும் ஒரு வில்லங்கம் உண்டு. மஞ்சள் கியர் மோட்டார் இரண்டு, 9 வோல்ட் சதுர பேட்டரி ஒன்று. முதல் நாள் பாயும், மறுநாள் முனகும், அப்புறம் நின்றுவிடும். தான்தான் உடைத்துவிட்டோம் என்று பிள்ளை முகத்தைத் தொங்கப்போடும். குறை பேட்டரியில். கொஞ்சமாகக் கரண்ட் இழுக்கும் கருவிகளுக்கான பேட்டரி அது. இரண்டு மோட்டார் இழுக்கிற இழுப்புக்கு ஈடுகொடுக்காது. நாலு ஏஏ செல் பிடிக்கும் ஹோல்டரை வாங்கி வயரை மாற்றினால் அதே வண்டி நாள் கணக்கில் ஓடும். ஹோல்டர், சக்கரம், ஸ்விட்ச், மோட்டார் எல்லாம் எலெக்ட்ரானிக் சாமான் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் தனித்தனியாகக் கிடைக்கும். பத்து வயதுப் பிள்ளையோடு அங்கே ஒரு சனிக்கிழமை காலை சுற்றினால், பாதி ரோபாட்டிக்ஸ் கேம்ப் முடிந்த கணக்கு.

மண்பாண்ட வகுப்பிலும் இப்படித்தான், சூளை உண்டா என்று கேட்க வேண்டும். சுடாத கிண்ணம் வெறும் காய்ந்த மண், தண்ணீர் பட்டால் கரையும். அடி தடித்து விளிம்பு மெலிந்திருந்தால் விளிம்பு முந்திக் காய்ந்து சுருங்கி விரிசல் விடும். முதல் இரண்டு நாள் பிளாஸ்டிக் கவரைத் தளர்வாகப் போர்த்தி நிழலில் வைத்தால் தப்பிக்கும்.

இனி டேகேர். முழு நாள் வேலைக்குப் போகிற வீட்டுக்கு உண்மையில் உதவுவது இவர்களுடைய ஹாலிடே பேட்ச்தான். ஆனால் தவறு நடந்தால் பெரிதாக நடக்கும் இடமும் இதுவே, அதனால் அவசரப்படாதீர்கள். வருஷம் முழுக்கச் சின்னக் குழந்தைகளை வைத்து நடத்தும் இடத்தில் ஏப்ரலில் பள்ளிப் பிள்ளைகள் வந்து நிறைவார்கள். ஆயம்மாக்களின் எண்ணிக்கை அதே அளவுக்கு ஏறாது. காலை 11 மணிக்கு உங்களுக்குச் சுற்றிக் காட்டுவார்கள், அப்போது எல்லாம் பளிச்சென்றுதான் இருக்கும். நீங்கள் சாயங்காலம் நாலரைக்குச் சொல்லாமல் போய் நில்லுங்கள். காலை ஷிஃப்ட் ஆயம்மா கிளம்பியிருப்பார், பிள்ளைகள் எல்லாரும் ஒரே அறைக்கு வந்திருப்பார்கள். அந்த நேரத்தில் எத்தனை பேருக்கு எத்தனை பெரியவர்கள் என்பதுதான் நிஜக் கணக்கு.

அடுத்து மதியம் ஒன்றிலிருந்து மூன்று. சின்னதுகள் தூங்குகிற நேரம், விளக்கை அணைத்துவிடுவார்கள். எட்டு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? சத்தம் போடக் கூடாது என்று டி.வி. முன் உட்கார வைப்பதுதான் பல இடங்களில் நடப்பது. பெரிய பிள்ளைகளுக்குத் தனி அறையும், அந்த இரண்டு மணி நேரத்துக்கென்று ஒரு ஆளும் இருந்தால் அந்த டேகேருக்குப் பத்துக்கு எட்டு கொடுக்கலாம். இல்லாவிட்டால் ஐந்துக்கு மேல் இல்லை, எவ்வளவு அழகாகப் பெயின்ட் அடித்திருந்தாலும்.

கேட்டுக்குள் நுழைந்ததும் தரையைப் பாருங்கள். லேஅவுட்களில் டேகேர் பெரும்பாலும் தனி வீடுகளில்தான் நடக்கிறது, வாசல் போர்ட்டிகோவிலேயே சம்ப், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி, இருக்கும். மூடி இரும்பா, பூட்டு இருக்கிறதா, சாவி யாரிடம்? கோடையில் காவேரித் தண்ணீர் பற்றாமல் டேங்கர் வரும். ஹோஸை உள்ளே விட்டிருக்கும் நேரம் முழுக்க மூடி திறந்தே கிடக்கும். டேங்கர் வரும்போது பிள்ளைகளை எங்கே வைத்திருப்பீர்கள் என்று கேட்டால், நன்றாக நடத்துபவர் உடனே பதில் சொல்வார். யோசிக்கிறார் என்றால் வேறு இடம் பாருங்கள். மொட்டை மாடிக் கதவுக்கும் இதே கேள்வி.

சி.சி.டி.வி.யை போனில் பார்க்கலாம் என்பதை எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள். கேமரா ஹாலைக் காட்டும், வாசலைக் காட்டாது. பிள்ளையை அழைத்துப்போக யார் வரலாம் என்று போட்டோவோடு எழுதி வாங்குகிறார்களா, புது ஆள் வந்தால் உங்களுக்கு போன் வருகிறதா என்பதுதான் முக்கியம். ஒரு தடவை மாமாவை அனுப்பிச் சோதித்துப் பாருங்கள். கேள்வி கேட்காமல் பிள்ளையைக் கொடுத்தால் மறுநாளே நிறுத்திவிடலாம். வேலை செய்பவர்களுக்குப் போலீஸ் வெரிஃபிகேஷன் ஆகியிருக்கிறதா, பிள்ளையோடு ஒரு ஆள் மூடிய அறையில் தனியாக இருக்கும்படி எப்போதாவது நேருமா, இரண்டையும் கூச்சமில்லாமல் கேளுங்கள்.

ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் காப்பக வசதி செய்ய வேண்டும் என்பது மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்திலிருந்து சட்டத்தில் இருக்கிறது. தாய் நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்த்து வரலாம். டெக் பார்க் டேகேர்கள் பலவற்றோடு கம்பெனிகள் டை-அப் வைத்திருப்பது இதனால்தான். ஆனால் டை-அப் பெரும்பாலும் சின்னக் குழந்தைகளுக்கே. பள்ளிப் பிள்ளைக்கும் பொருந்துமா என்று எச்.ஆரிடம் மார்ச்சிலேயே மெயிலில் கேட்டு வையுங்கள்.

நீச்சல் பேட்ச் பிள்ளைகளுக்குப் பிடித்த ஐட்டம், ஆனால் முக்கால் மணி நேரம்தான், நீங்களும் கரையில் நிற்க வேண்டும். மூக்கைத் துளைக்கிற நெடி அடித்தால் நன்றாகக் குளோரின் போட்டுச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. விஷயம் நேர்மாறு. வியர்வை, சிறுநீரோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமைன்தான் அந்த நெடி. கண் சிவப்பதும் பெரும்பாலும் அதனால்தான். பராமரிப்பு சரியாக இருக்கும் குளத்தில் வாசனை லேசாகத்தான் இருக்கும். ரெக்கார்டு நோட்டைக் காட்டச் சொல்லுங்கள்: குளோரின் 1 முதல் 3 பி.பி.எம்., பி.எச். 7.2 முதல் 7.8. நோட்டே இல்லையென்றால் கரையில் நின்று ஆழப் பக்கத்தின் அடியில் தண்ணீர் வடியும் துளையின் கம்பி மூடி தெளிவாகத் தெரிகிறதா பாருங்கள். தெரியவில்லை என்றால் மூழ்கும் பிள்ளையும் தெரியாது.

காசு குறைவாக, சரக்கு அதிகமாக வேண்டுமென்றால் கப்பன் பார்க்கைச் சுற்றியுள்ள ஒரு மைல்தான். கஸ்தூர்பா ரோட்டில் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகம், 1962இல் திறந்தது. என்ஜின் கூடமும், ரைட் சகோதரர்களின் விமானத்துக்கு முழு அளவில் செய்த மாதிரியும், சத்தம் போட்டு ஆடும் டைனோசரும் ஒரே கட்டடத்தில். ஆறு வயதுக்கு மேல் இருந்தால் மூன்று மணி நேரம் தாராளமாகப் போகும். அதற்குச் சின்னதுகள் டைனோசர் சத்தத்துக்கே அழலாம். திங்கட்கிழமை நேரு கோளரங்கம் மூடியிருக்கும், அருங்காட்சியகம் திறந்திருக்கும். வாரத் திட்டத்தில் நினைவிருக்கட்டும். கோளரங்கக் காட்சி கன்னடத்திலும் இங்கிலீஷிலும் நடக்கிறது, எந்த நேரத்துக்கு எந்த மொழி என்று பார்த்து டிக்கெட் எடுங்கள். பார்க்குக்குள் பால பவனும் இருக்கிறது. அதன் கோடை முகாமைக் கன்னடத்தில் ‘பேசிகெ ஷிபிர’ என்றுதான் அறிவிப்பார்கள். இங்கிலீஷ் போஸ்டருக்குக் காத்திருந்தால் இடம் போயிருக்கும். குட்டி ரயிலை நம்பிப் பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள், அன்றைக்கு ஓடுகிறதா என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

இதை லீவ் கணக்கோடு சேர்த்தால் நல்ல ஏற்பாடாகும். நாலு குடும்பம், எட்டு பெற்றோர். வாரத்தில் நாலு நாள், எட்டு வாரம் என்றால் 32 நாள். நாளைக்கு ஒருவர் என்றால் தலைக்கு நாலு லீவ்தான் செலவு. ஏழு வயதுக்கு மேற்பட்ட நாலு பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்குள் ஒருவர் சமாளிப்பார். திறந்த பார்க்கில் இரண்டு பேர் வேண்டும், அந்த நாட்களுக்கு லீவ் இரட்டிப்பாகும். ஒயிட்ஃபீல்டிலிருந்து பர்ப்பிள் லைனில் மாறாமல் கப்பன் பார்க் ஸ்டேஷன் வரலாம். கட்டுச்சோறுக்குத் தயிர் சாதம் என்றால் பாலில் பிசைந்து ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் விடுங்கள், ஒரு மணிக்குச் சரியாக உறைந்திருக்கும். முழுத் தயிரில் பிசைந்தது புளித்துப்போகும்.

மூன்றரைக்குள் கிளம்பிவிடுங்கள். ஏப்ரல், மே மழை இங்கே சாயங்காலம் இடியோடு வந்து கிளைகளை ஒடித்துப் போடும். கே.ஆர். சர்க்கிள் சுரங்கப் பாதையில் 2023 மே மாதம் தேங்கிய தண்ணீரில் கார் மூழ்கி ஒரு இளம்பெண் இறந்துபோனார். கேம்ப் வேன் எந்த வழியாகத் திரும்புகிறது, மழை பிடித்தால் எங்கே நிறுத்தி வைப்பார் என்று டிரைவரிடமே நேரில் கேளுங்கள். ஆபீசில் கேட்டால் வேறு பதில் வரும்.

நாடகம் பிடித்த பிள்ளைக்கு ஜே.பி. நகர் ரங்கசங்கராவின் சிறுவர் நிகழ்ச்சிகள் நல்ல தரம். மணி அடித்தபின் யார் வந்தாலும் உள்ளே விட மாட்டார்கள், அதற்கேற்ப வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொன்று: தமிழ் பேசும், படிக்காது. அல்சூர் ஏரிப் பக்கம் 1950இல் தொடங்கிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தில் தமிழ் வகுப்பும் நூலகமும் உண்டு, எட்டு வாரத்துக்கு அளவான வேலை. பள்ளியில் கன்னடம் படித்த பிள்ளை எங்கே தடுக்கும் என்று தெரிந்துகொண்டால் வீட்டில் உதவலாம். ‘பால்’ என்பதில் வரும் ‘ப’ ஒலிக்கும் ‘அம்பு’வில் வரும் ‘ப’ ஒலிக்கும் கன்னடத்தில் தனித்தனி எழுத்து. தமிழில் இரண்டும் ஒன்றே என்றதும், எதை எப்படி வாசிப்பது என்று குழம்பும். விதி சொன்னால் ஏறாது. பால், பந்து, அம்பு, பாவம் என்று தெரிந்த சொற்களாகக் கொடுத்தால் ஒரு வாரத்தில் பிடித்துவிடும். ழவும் றவும் இன்றைய கன்னடத்தில் இல்லாதவை, அவற்றுக்கு மட்டும் தனியாக நேரம் ஒதுக்குங்கள். நாளைக்கு இருபது நிமிஷம் போதும்.

நடுவில் இரண்டு வாரம் வேலூருக்கோ சேலத்துக்கோ தாத்தா பாட்டியிடம் அனுப்புகிறீர்கள் என்றால் ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது, 120 நாள் கணக்கெல்லாம் 2024 நவம்பரோடு போச்சு. மே முதல் வாரப் பயணத்துக்கு மார்ச் முதல் வாரத்திலேயே காலையில் உட்கார வேண்டும். ஐந்து வயதுக்குள் தனி பெர்த் கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். ஐந்து முடிந்து பன்னிரண்டுக்குள் என்றால் பெர்த் இல்லாமல் பாதிக் கட்டணம், பெர்த் வேண்டுமென்றால் முழுக் கட்டணம். பகல் பயணமாக இருந்தாலும் ஏழு வயதுப் பிள்ளைக்கு முழுக் கட்டணம் கொடுத்துவிடுவதே மேல். மடியில் உட்கார வைத்துப் போனால் காட்பாடி வருவதற்குள் கூட்டிப்போக வந்த பாட்டிக்கு முழங்கால் போய்விடும்.