எங்க மசாலா பொடி பேருக்கு டிரேட்மார்க் வாங்கிக் கொடுத்தாங்க, ரொம்ப திருப்தி

எங்க மசாலா பொடிக்கு மதுரைல ஒரு சின்ன ஆபீஸ் மூலமா டிரேட்மார்க் எடுத்தேங்க. மொதல்ல அதே பேர்ல வேற யாராவது இருக்காங்களான்னு தேடிப் பாத்துட்டு, மசாலான்னா கிளாஸ் 30ங்கற பொருள் வகைலதான் போடணும்னு சொன்னாங்க, தனிநபர்ங்கறதால ஆன்லைன்ல கவர்மென்ட் ஃபீஸ் 4500 ரூபாதான், உத்யம் சர்ட்டிபிகேட் (சிறுதொழில் பதிவு) இல்லாத கம்பெனின்னா 9000. அப்ளை பண்ணதுமே பேர் பக்கத்துல டிஎம்னு போட்டுக்கலாம், வட்டத்துக்குள்ள ஆர் மட்டும் ரிஜிஸ்டர் ஆனப்புறம்தான். கவர்மென்டோட டிரேட்மார்க் ஜர்னல்ல நம்ம பேர் வந்து 4 மாசம் யாரும் எதிர்க்காம இருக்கணும், பொறுமை வேணும்ங்க.

போன மாசம் பக்கத்து ஊர்ல எங்க பேர்லயே ஒரு பாக்கெட் வந்துச்சு, வயித்துல புளியக் கரைச்சிடுச்சு, சர்ட்டிபிகேட்டோட நோட்டீஸ் விட்டதும் நிறுத்திட்டாங்க, அப்பதான் மூச்சே வந்துச்சு! ரிஜிஸ்டர் பண்ணது 10 வருஷம் செல்லும், அப்புறம் ரினியூ பண்ணிக்கலாம். ஒரே குறை, போன் பண்ணா லேட்டாத்தான் எடுக்கறாங்க.