இம்யூனோ ஊசிக்கு முன் எடை மெஷின்: ஒரு சென்னைப் பயணத்தில் கவனித்தவை

இரண்டு வார லீவில் ஊருக்கு வந்து, அப்பா அம்மாவின் புற்றுநோய் சிகிச்சைக்கு ஒரு வழி செய்துவிட்டுத் திரும்பும் பிள்ளைகளைச் சென்னையின் எந்த டே கேர் வார்டிலும் பார்க்கலாம். இம்யூனோ மருந்து பலிக்க வாய்ப்பு எவ்வளவு என்று கட்டியில் பார்க்கும் பி.டி.எல்.1 ரிப்போர்ட் கையில் இருக்கும். அந்த மருந்துகளில் ஒன்றான நிவோலுமாப் விலையை மூன்று கடைகளில் விசாரித்திருப்பார்கள். ஆறு மாதம் முன்பு அப்பாவின் எடை என்ன என்று கேட்டால் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். இரைப்பை, உணவுக்குழாய், கல்லீரல் புற்றுநோய்க்கு இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்பு சக்தியையே புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் சிகிச்சை) எடுக்கிறவர்களுக்கு சிகிச்சை எப்படிப் போகும் என்பதில் அந்த எடைக்கும் பங்கு உண்டு.

ஓ.பி.யில் எடை பார்க்கத்தான் செய்கிறார்கள். ஆனால் செருப்போடு, சட்டைப்பையில் போன், கையில் ஃபைல், ஒவ்வொரு தடவையும் வேறு மெஷின். கீமோவின் டோஸைக் கணக்கிட எடை வேண்டும் என்பதால் அதைக் குறிக்கிறார்கள். இம்யூனோ மருந்துகளில் பலவற்றுக்கு எல்லாருக்கும் ஒரே அளவு, அதனால் அந்த எண்ணை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. 58 கிலோ இருந்தவர் ஆறு மாதத்தில் 52 ஆனால் 10 சதவீதம் போயிற்று. 5 சதவீதத்தைத் தாண்டினாலே உடல் உருக்குலைவு என்ற கணக்கில் சேர்ப்பார்கள். பழைய எடைக்கு பாஸ்புக் மாதிரி ஒரு ஆதாரம் வேண்டும்: சர்க்கரை டாக்டரின் சீட்டு, பழைய மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட், எதுவானாலும் சரி. கெண்டைக்கால் சுற்றளவைத் தையல் டேப்பால் அளந்தாலும் ஓரளவு தெரியும். ஆணுக்கு 34 செ.மீ., பெண்ணுக்கு 33 செ.மீ. என்பதற்குக் கீழே போனால் தசை கரைந்திருக்க வாய்ப்பு அதிகம். காலில் வீக்கம் இருந்தால் இந்த அளவு செல்லாது.

அடுத்தது ஆல்புமின், ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம். இதற்குத் தனியாகக் காசு கட்ட வேண்டியதில்லை, கல்லீரல் டெஸ்டில் ஏற்கெனவே இருக்கிறது. ஆல்புமினை (டெசிலிட்டருக்கு இத்தனை கிராம்) 10ஆல் பெருக்கி, நிணவணு (வெள்ளையணுக்களில் ஒரு வகை, லிம்போசைட்) எண்ணிக்கையை 0.005ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்டினால் வருவது பி.என்.ஐ. என்ற சத்துநிலை மதிப்பெண். ஆல்புமின் 2.9, வெள்ளையணு 6,200, அதில் நிணவணு 18 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நிணவணு 1,116. 29-உம் 5.6-உம் சேர்ந்து 34.6. நாற்பதுக்குக் கீழே என்றால் கவலைப்பட வேண்டிய எண். சிங்கப்பூர், லண்டன் ரிப்போர்ட்டுகளில் ஆல்புமின் லிட்டருக்கு இத்தனை கிராம் என்று 29 ஆக வரும். அங்கே 10ஆல் பெருக்கினால் கணக்கு கெட்டுவிடும்.

இந்த எண் குறைந்தவர்களுக்கு ஏன் மருந்து சரியாகப் பலிப்பதில்லை? நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் எல்லாம் ஆன்டிபாடிகள். ரத்தத்தில் ஆன்டிபாடியையும் ஆல்புமினையும் சிதையாமல் காப்பாற்றித் திருப்பி விடுவது ஒரே ஏற்பிதான். உடல் தன் புரதத்தைத் தானே எரிக்கும் நிலையில் ஆல்புமினும் கரைகிறது, மருந்தும் வேகமாக வெளியேறுகிறது. டோஸைக் கூட்டினால் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. தோல், நுரையீரல் புற்றுநோயில் பெம்ப்ரோலிசுமாபைக் கிலோவுக்கு 2 மி.கி., 10 மி.கி. என்று இரு அளவில் கொடுத்துப் பார்த்தபோதும், மருந்து வேகமாக வெளியேறியவர்களுக்கே ஆயுள் குறைவாக இருந்தது. இன்னொன்று, ஆல்புமின் குறைவது சாப்பாட்டால் மட்டும் இல்லை, உடலுக்குள் அழற்சி இருந்தாலும் இறங்கும். அதனால் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. டெஸ்டையும் சேர்த்துக் கேளுங்கள். 2021-இல் வெளியான செக்மேட் 649 ஆய்வில், கீமோவோடு நிவோலுமாபும் சேர்த்தபோது, பி.டி.எல்.1 மதிப்பெண் 5 அல்லது அதற்கு மேல் இருந்த இரைப்பைப் புற்றுநோயாளிகளின் இடைநிலை ஆயுள் 11.1 மாதத்திலிருந்து 14.4 மாதமானது. அதில் சேர்க்கப்பட்டவர்கள் எல்லாரும் எழுந்து நடமாடக்கூடியவர்கள். படுக்கையில் கிடப்பவருக்கு அதே எண்ணை எதிர்பார்ப்பது நியாயம் இல்லை.

சொதப்பல் இங்கேதான் ஆரம்பம். ஆல்புமின் குறைவு என்றதும் 20 சதவீத ஆல்புமின் பாட்டிலை ஏற்றும் பழக்கம் பரவலாக இருக்கிறது. 100 மி.லி. பாட்டிலில் இருப்பது 20 கிராம். ரிப்போர்ட்டில் ஆல்புமின் எண் ஏறும், அதோடு பி.என்.ஐ.யும் ஏறும், ஆளிடம் ஒரு மாற்றமும் இருக்காது. வயிற்று நீரை லிட்டர் கணக்கில் எடுக்கும்போது அந்த பாட்டிலுக்கு வேலை உண்டு. சத்துக்காக அது இல்லை. “சோர்வா இருக்காரு, ட்ரிப்ஸ் ஏத்துங்க” என்று நாமே கேட்டு வாங்கும் மஞ்சள் நிற பாட்டிலும் அப்படித்தான். 5 சதவீத குளுக்கோஸ் அரை லிட்டரில் சர்க்கரை 25 கிராம், நூறு கலோரிக்கும் குறைவு. இரண்டு இட்லியில் அதைவிட அதிகம்.

டயட்டீசியனைப் பார்க்க ஆன்காலஜிஸ்டிடம் சீட்டு எழுதி வாங்குங்கள். பெரிய மருத்துவமனைகளில் இந்த சேவை இருக்கிறது, ஆனால் கேட்காமல் வராது. கேட்டாலும் சர்க்கரைக்காரர்களுக்கான அச்சடித்த தாளைக் கொடுத்து அனுப்பிவிடும் இடங்கள் உண்டு. தாளில் கலோரி, புரதம் இரண்டும் எண்ணாக எழுதியிருக்க வேண்டும். கிலோவுக்கு 25 முதல் 30 கலோரி, புரதம் 1 கிராமுக்கு மேல், முடிந்தால் 1.5 வரை என்பது ஐரோப்பிய வழிகாட்டி. 52 கிலோ ஆளுக்கு 1,300 முதல் 1,560 கலோரி, 52 முதல் 78 கிராம் புரதம். வீட்டில் நடப்பதோ மூன்று இட்லி, இரண்டு டம்ளர் கஞ்சி, ஒரு கப் ரசம் சாதம், ஒரு வாழைப்பழம். 600 கலோரியைச் சுற்றி வரும், புரதம் 15 கிராமை எட்டுவதே கஷ்டம்.

கஞ்சியைப் பழிக்க வேண்டாம், அதன் தண்ணீரைப் பழியுங்கள். 20 கிராம் கேழ்வரகு மாவை 250 மி.லி. தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் 65 கலோரி. அதில் 150 மி.லி. தண்ணீருக்குப் பதில் பால், வறுத்துப் பொடித்த வேர்க்கடலை 20 கிராம், இரண்டு டீஸ்பூன் நெய் சேர்த்தால் 350 கலோரியும் 11 கிராம் புரதமும் அதே டம்ளரில் கிடைக்கும். முட்டைக்கு ஆறு கிராம் கணக்கு. முட்டை “சூடு”, மீன் “கரப்பான்” என்று பத்தியம் வைக்கும் பெரியம்மாக்களிடம் பேசுவதுதான் இந்தப் பயணத்தின் கடினமான வேலை.

உணவு இறங்காதவர்களுக்குச் சிறுகுடலில் எஃப்.ஜே. ட்யூப் (உணவு செலுத்தும் குழாய்) வைக்கிறார்கள். வார்டில் சொல்லித் தருவது ஐந்து நிமிடம், வீட்டில் படுவது ஐந்து மாதம். சிறுகுடலில் தேக்கி வைக்க இடம் இல்லை, 200 மி.லி.யை சிரிஞ்சால் ஒரே மூச்சில் தள்ளினால் வயிற்றுப் பிடிப்பும் பேதியும் நிச்சயம். ஃபீடிங் பேக்கில் சொட்டுச் சொட்டாக விடவேண்டும், மணிக்கு 20–30 மி.லி.யில் தொடங்கி மெல்ல ஏற்றலாம். முன்னும் பின்னும் 30 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீர். ட்யூப் அடைத்துக்கொள்வது பெரும்பாலும் வடிகட்டாத கஞ்சியாலும் பொடித்த மாத்திரையாலும்தான். ஐந்தாறு நாளாக எதுவும் சாப்பிடாதவருக்கு முதல் நாளே முழு அளவு கொடுத்தால் பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் சடாரென்று இறங்கும், உயிருக்கே ஆபத்து. வழக்கமான எலக்ட்ரோலைட் டெஸ்டில் பாஸ்பரஸ் இருக்காது, தனியாக எழுதச் சொல்லுங்கள். உணவு தொடங்குமுன் தயமின் (வைட்டமின் பி1) கொடுப்பதும் அதனால்தான்.

பசிக்கு மருந்து கேட்டால் சில இடங்களில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை எழுதிவிடுகிறார்கள். இம்யூனோ தொடங்கும் சமயத்தில் தினசரி 10 மி.கி.க்கு மேல் பிரெட்னிசோலோனுக்குச் சமமான ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்குப் பலன் குறைவாக இருந்ததாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன, ஆகவே ஆன்காலஜிஸ்டிடம் கேட்காமல் வேண்டாம். புதுச்சேரி ஜிப்மர் 2023-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல மாற்று. இரைப்பை, கல்லீரல்-கணையம்-பித்தப்பாதை, நுரையீரல் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்தவர்களில், தினம் 2.5 மி.கி. ஓலான்சாபின் சாப்பிட்டவர்களில் 60 சதவீதம் பேர் 5 சதவீதத்துக்கு மேல் எடை கூடினார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 9 சதவீதம்தான். தூக்கம் வரும், சர்க்கரையும் ஏறலாம்.

தெருமுனை மெடிக்கலில் கேட்டதும் கிடைக்கும் ஆன்டிபயாடிக்கும், காலையில் காபிக்கு முன் எல்லாரும் போடும் கேஸ் மாத்திரையும் குடல் கிருமிகளைக் கலைப்பவை. இம்யூனோவின் பலன் குறைவதோடு இரண்டுக்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. தேவை இருந்தால் போடத்தான் வேண்டும், பழக்கத்துக்காகப் போட வேண்டாம்.

பேதி வந்தால் தயிர்சாதமும் பேதியை நிறுத்தும் லோபரமைடு மாத்திரையும் என்று விட்டுவிடாதீர்கள். வழக்கத்தைவிட நாளுக்கு நான்கு தடவை அதிகம் போனாலே அது மருந்தால் வந்த குடல் அழற்சியா என்று பார்க்க வேண்டும், ஏழு தடவையோ அதற்கு மேலோ அதிகமானால் அட்மிஷன். “சாப்பிடவே மாட்டேங்கிறாரு, எழுந்தா தலை சுத்துது” என்பதும் சத்துக்குறைவாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. தைராய்டோ அட்ரீனலோ படுத்திருக்கலாம். டி.எஸ்.எச். (தைராய்டுக்கு), சோடியம், காலை எட்டு மணி கார்டிசால் (அட்ரீனலுக்கு) மூன்றையும் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் லேபிடம் கொடுக்கலாம், ரிப்போர்ட் உங்கள் வாட்ஸ்அப்புக்கே வந்துவிடும்.

திரும்பும் முன் ஒரு டிஜிட்டல் எடை மெஷின் வாங்கி வைத்துவிடுங்கள். ஞாயிறு காலை, கழிவறை போய்வந்து, காபிக்கு முன், அதே மெஷின், எண்ணோடு ஒரு போட்டோ. ஒரே வாரத்தில் ஒரு கிலோ இறங்கினால் அடுத்த சைக்கிள் வரை காத்திருக்காமல் டே கேருக்கு போன் செய்யச் சொல்லுங்கள். கல்லீரல் புற்றுநோய்க்காரருக்கு எடை கூடியிருக்கிறது என்று சந்தோஷமாகச் செய்தி வந்தால், கணுக்காலுக்கு மேல் விரலை வைத்துப் பத்து விநாடி அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். குழி விழுந்தால் அது சதை இல்லை, நீர்.