சாலடுக்கு நல்லெண்ணெயா, தேங்காய் எண்ணெயா?

எண்ணெய் மூன்று பங்கு, வினிகர் ஒரு பங்கு என்ற பிரெஞ்சு வழக்கப்படி சாலடுக்குக் கலவை செய்பவர்கள், ஆலிவ் எண்ணெய்க்கு மாற்றாகக் கொங்கு நாட்டுச் சமையலறையில் இருப்பதையே எடுக்க நினைத்தால், நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் போட்டியிடும். காங்கேயத்து ஆலைகளால் தேங்காய் எண்ணெய்க்கு இங்கே செல்வாக்கு அதிகம் என்றாலும், அது ஏறத்தாழ 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும். ஆகவே மார்கழியில் மட்டுமன்றி, குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த வெள்ளரித் துண்டுகளின் மேல் எந்த மாதத்தில் ஊற்றினாலும், வெள்ளைத் துணுக்குகளாகத் திரண்டு வாயில் மெழுகைப் போல் ஒட்டும். வேகவைத்த உருளைக்கிழங்கையோ பீன்ஸையோ சூடு ஆறுவதற்குள் புரட்டி எடுக்க வேண்டுமானால் அது பொருந்தும்.

நல்லெண்ணெய் குளிரிலும் இளகியே இருக்கும். செக்கில் ஆட்டியதில் எள்ளின் மணம் தூக்கலாக இருப்பதால், பாதியைக் கடலை எண்ணெயாக வைத்துக்கொள்வது என் விருப்பம். உப்பு எண்ணெயில் கரையாது. எனவே முதலில் வினிகரில் உப்பையும் சிறிது கடுகுப் பொடியையும் கலக்கிவிட்டு, எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அடித்தால், கலவை உடனே பிரியாமல் சற்றுக் கெட்டியாக நிற்கும். முளைகட்டிய பச்சைப்பயறு, சின்ன வெங்காயம், கேரட் ஆகியவற்றுக்கு இதுவே ஏற்றது. மெல்லிய இலைகளுக்குப் பரிமாறும் நேரத்தில்தான் ஊற்ற வேண்டும், முன்பே ஊற்றினால் துவண்டுவிடும்.