பத்து ரூபாய் ரயிலா, வாசல்வரை வரும் பேருந்தா?

தருமபுரியிலிருந்து பெங்களூரு விமான நிலையம் செல்வோருக்கு, நகரை அடைந்தபின் இரு வழிகள் உண்டு. 2021 ஜனவரியில் திறக்கப்பட்ட விமான நிலைய ஹால்ட் என்னும் சிறு ரயில் நிலையத்துக்குச் செல்லும் ரயிலின் கட்டணம், வாயு வஜ்ரா குளிர்சாதனப் பேருந்துக் கட்டணத்தில் மிகச் சிறு பங்குதான். ஆயினும், நாளொன்றுக்குச் சில ரயில்களே ஓடுவதாலும், இறங்கியபின் முனையத்துக்கு இன்னொரு பேருந்து ஏற வேண்டியிருப்பதாலும், பெட்டியோடு வருவோர் பேருந்தையே நாடுகின்றனர்.

டெல்லியின் கதை நேரெதிர். விமான நிலைய விரைவு மெட்ரோவில் தரத்துக்குக் குறைவில்லை. கட்டணமே தடையாக இருந்தது. 2015 செப்டம்பரில் அதிகபட்சக் கட்டணம் 100 ரூபாயிலிருந்து 60 ஆனபின் பயணிகள் பெருகினர்.

பெங்களூருவில் அதிகாலை விமானத்துக்கு அம்மாவை அழைத்துச் சென்றபோது நானும் பேருந்தையே தேர்ந்தேன். முழங்கால் வலியோடு இருமுறை படியேற அவரால் இயலாது. அந்த நேரத்துக்கு ஒரு ரயில் முனையம்வரை சென்றிருந்தால், இருமடங்கு கட்டணமானாலும் மகிழ்ந்து கொடுத்திருப்பேன்.