பூங்காவுக்கு டிக்கெட் போடலாம், ஆற்றுக்கு? அமெரிக்க மாநிலங்கள் இயற்கைக்குப் பணம் ஒதுக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

2010-ஆம் ஆண்டு அக்டோபர், நவம்பர் மாதங்களில் அமெரிக்காவின் நான்கு மாநிலங்கள் ஒரே கேள்விக்கு நான்கு விதமாக விடை தேடின. காடு, ஏரி, ஆறு, மாநிலப் பூங்கா, இதையெல்லாம் பராமரிக்கப் பணம் எங்கிருந்து வர வேண்டும்? வண்டிப் பதிவைப் புதுப்பிக்கும்போது விருப்பப்பட்டால் 10 டாலர் சேர்த்துக் கட்டுங்கள் என்றது மிச்சிகன். எல்லா வண்டிக்கும் வருடத்துக்கு 18 டாலர் போடலாமா என்று வாக்காளர்களைக் கேட்டது கலிஃபோர்னியா. லாட்டரி வருமானத்தில் ஒரு பங்கை நிரந்தரமாக்கியது ஆரிகன். அயோவாவோ தன் அரசியல் சாசனத்திலேயே ஒரு தனி நிதியை எழுதி வைத்தது.

2008 நிதி நெருக்கடியின் அடி அப்போது ஆறியிருக்கவில்லை. மத்திய அரசைப் போல மாநிலங்கள் பற்றாக்குறை பட்ஜெட் போட்டு வருடக்கணக்கில் ஓட்ட முடியாது. வரவு குறைந்தால் செலவை வெட்டியே ஆக வேண்டும். பள்ளிக்கூடம், மருத்துவ உதவி, சிறைச்சாலை இவற்றோடு ஒரே பந்தியில் உட்கார்ந்தால் பூங்காவுக்குக் கடைசி இலைதான். அதனால்தான் பொது நிதியிலிருந்து பிரித்து ஒரு தனி வழி வேண்டும் என்ற பேச்சு எல்லா இடத்திலும் கிளம்பியது. இத்தனை வருடம் கழித்து எந்த வழி தேறியது என்று பார்க்கலாம். இதே கேள்விக்கு முன்னதாகவே விடை கண்ட மிசௌரியையும் மின்னசோட்டாவையும் சேர்த்துக்கொள்கிறேன். அவை இரண்டும் அயோவாவின் பக்கத்து வீடுகள் என்பது ஒரு வசதி.

வண்டியோடு கட்டுவது: கலிஃபோர்னியாவும் மிச்சிகனும்

கலிஃபோர்னியாவின் திட்டம் தாளில் அழகாக இருந்தது. வண்டி வைத்திருப்பவர் எல்லோரும் 18 டாலர் கட்டுவார்கள், பதிலுக்கு அந்த வண்டிகளுக்கு மாநிலப் பூங்காக்களில் நாள் கட்டணம் கிடையாது. மக்கள் தோற்கடித்துவிட்டார்கள். அடுத்த மே மாதமே 70 பூங்காக்களை மூடப்போகிறோம் என்று அரசு அறிவித்தது. ஊர் ஊராக நன்கொடை திரட்டினார்கள், தொண்டு அமைப்புகள் பூங்காக்களைத் தத்தெடுத்தன. 2012 ஜூலையில் வெடித்தது விஷயம்: பூங்காத் துறையின் இரண்டு நிதிகளில் சுமார் 5.4 கோடி டாலர் கணக்கில் காட்டப்படாமல் இருந்தது. துறையின் இயக்குநர் பதவி விலகினார். பணம் திருடு போகவில்லை, மறைத்து வைக்கப்பட்டிருந்தது. விசாரணையில் தெரியவந்த காரணங்களில் ஒன்று, காட்டினால் அடுத்த பட்ஜெட்டில் வெட்டிவிடுவார்கள் என்ற பயம்.

அந்தத் துறையை எல்லோரும் திட்டினார்கள். திட்டட்டும், தப்பில்லை. ஆனால் வருடா வருடம் கையேந்த வேண்டிய ஒரு துறை மிச்சத்தைச் சேலை மடிப்பில் ஒளித்து வைப்பது பொது நிதி முறையின் இயல்பான விளைவு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மிச்சிகன் அதே வண்டியைப் பிடித்தது, கட்டாயத்தை மட்டும் விட்டுவிட்டது. அதுவரை பூங்காவுக்குப் போக வருடத்துக்கு 24 டாலர் கொடுத்துக் கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அதை எடுத்துவிட்டு, பதிவுப் புதுப்பிப்புப் படிவத்தில் 10 டாலருக்கு ஒரு கட்டம் வைத்தார்கள். டெட்ராய்ட் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு நம்பர் பிளேட் ஸ்டிக்கரில் வரும் அந்த ‘பி’ எழுத்து பழக்கமானதுதான். கட்டணம் பாதிக்கும் கீழே குறைந்தது, கட்டுபவர்கள் பெருகினார்கள். இப்போது மூன்றில் ஒரு பங்கு வண்டிகளுக்கு மேல் கட்டுகின்றன. கட்டணம் விலைவாசியோடு ஒரு டாலர், ஒரு டாலராக ஏறிக்கொள்கிறது, அதற்காக ஒவ்வொரு முறையும் சட்டமன்றத்தில் சண்டை போட வேண்டியதில்லை. இந்த ஏற்பாட்டை வடிவமைத்தவருக்கு மனித மனம் தெரிந்திருக்கிறது. பூங்கா வாசலில் பர்ஸைத் திறக்க யோசிப்பவர், ஏற்கெனவே நூறு டாலருக்கு மேல் கட்டும் படிவத்தில் இன்னொரு பத்தைப் பற்றி அவ்வளவாக யோசிப்பதில்லை.

ஆனால் இதில் வரும் பணம் பூங்காவுக்கான பணம். கழிப்பறை, முகாம் திடல், படகுத்துறை, உள்ளூர்ப் பூங்காக்களுக்குச் சிறு மானியம். ஒரு ஆற்றைச் சுத்தம் செய்ய அது எட்டாது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அயோவாவுக்கு வரும்போது தேவைப்படும்.

மிச்சிகனுக்கு இன்னொரு கையும் உண்டு. பிஜன் ரிவர் காட்டில் எண்ணெய் தோண்டலாமா என்ற சண்டையின் சமரசமாக 1976-ல் ஓர் அறக்கட்டளை நிதி பிறந்தது. அரசு நிலத்திலிருந்து வரும் எண்ணெய், எரிவாயு உரிமைத்தொகை அதில் சேரும், அதைக் கொண்டு நிலம் வாங்குவார்கள். 1980களின் தொடக்கத்தில் மந்தம் வந்ததும் சட்டமன்றம் அதில் கை வைத்தது. அப்புறம்தான் 1984-ல் மக்கள் வாக்களித்து அதை அரசியல் சாசனத்துக்குள் ஏற்றினார்கள். நிதியின் அசல் தொகை 50 கோடி டாலரைத் தொட்டது 2011-ல்.

ஆரிகனின் லாட்டரி

நிகர லாட்டரி வருமானத்தில் 15 சதவீதம், அதில் பாதி பூங்காவுக்கு, பாதி சால்மன் மீன் வாழும் ஆறுகளுக்கும் நீர்ப்பிடிப்புப் பகுதிகளுக்கும். 1998-ல் வாக்களித்துக் கொண்டுவந்ததை 2010-ல் நிரந்தரமாக்கினார்கள். யாருக்கும் புது வரி இல்லை, அதனால் வாக்கு எளிதாக விழுந்தது.

எனக்கு இந்த வழியில் ஒட்டுதல் இல்லை. ஆரிகன் லாட்டரியில் பெரும்பங்கு பார்களில் இருக்கும் வீடியோ சூதாட்ட இயந்திரங்களிலிருந்து வருகிறது. அவற்றின் முன்னால் மணிக்கணக்கில் உட்காருபவருடைய பணத்தில் இன்னொருவர் கடற்கரையில் கூடாரம் போடுகிறார். அறத்தை விடுங்கள், நிதி நிர்வாகமாகப் பார்த்தாலும் சிக்கல்தான். 2020 வசந்தத்தில் கொரோனாவுக்காக பார்களை மூடினார்கள், லாட்டரி வருமானம் சரிந்தது, பூங்காத் துறை ஆட்களைக் குறைத்தது. அதே கோடையில்தான் வேறெங்கும் போக முடியாத மக்கள் பூங்காக்களில் வந்து குவிந்தார்கள். 2025 தொடக்கத்தில் நாள் நிறுத்தக் கட்டணம் 5 டாலரிலிருந்து 10 டாலரானது. லாட்டரியோடு கட்டிப்போட்டதால் பூங்கா இலவசமாகிவிடவில்லை.

அயோவா: பூட்டிய உண்டியல், உள்ளே காசு இல்லை

நான்கில் மிகப் பெரிய கனவு அயோவாவுடையது. 2010 நவம்பர் 2-ஆம் தேதி 63 சதவீதம் பேர் ஆதரித்து இயற்கை வளங்களுக்கும் வெளிப்புறப் பொழுதுபோக்குக்குமான அறக்கட்டளை நிதியைச் சாசனத்தில் சேர்த்தார்கள். அதற்கு முன் திருத்தம் இரண்டு வெவ்வேறு சட்டமன்றங்களில் நிறைவேற வேண்டியிருந்தது, நிறைவேறியது. பங்கீடு வரை எழுதியாயிற்று: இயற்கை வளங்களுக்கு 23 சதவீதம், மண், நீர் பாதுகாப்புக்கு 20, நீர்ப்பிடிப்புக்கு 14, நடை, சைக்கிள் பாதைகளுக்கு 10, ஏரிகளுக்கு 7, மீதி மாநில, உள்ளூர்த் திட்டங்களுக்கு.

ஒரே ஒரு நிபந்தனை. மாநிலம் அடுத்த முறை விற்பனை வரியை உயர்த்தும்போது அதில் முதல் எட்டில் மூன்று சென்ட் இந்த நிதிக்குப் போகும். அதாவது நூறு டாலர் பொருளுக்கு முப்பத்தேழரைக் காசு. அன்றைய கணக்கில் வருடத்துக்குச் சுமார் 15 கோடி டாலர் வரும் என்றார்கள். உயர்த்தினால் வரும். உயர்த்தவில்லை. வரி அன்றும் 6 சதவீதம், இன்றும் 6 சதவீதம். உண்டியல் சாசனத்தில் பத்திரமாக இருக்கிறது, உள்ளே ஒரு காசு விழவில்லை.

ஒருமுறை நெருங்கி வந்தது. 2020 ஜனவரியில் ஆளுநர் கிம் ரேனால்ட்ஸ் விற்பனை வரியை ஒரு சென்ட் உயர்த்தி, வருமான வரியைக் குறைத்து, இந்த நிதிக்கும் வழி திறக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தார். பங்கீட்டை மாற்றுவதைப் பற்றி முணுமுணுப்பு இருந்தது. அதைப் பேசி முடிப்பதற்குள் கொரோனா வந்துவிட்டது, திட்டம் படுத்துக்கொண்டது.

இதற்கு முன்பே அயோவாவில் 1989 சட்டப்படி இயற்கை வளங்களுக்கான ஒரு திட்டம் உண்டு. வருடத்துக்கு 2 கோடி டாலர் வரை ஒதுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது, பணம் பெரும்பாலும் சூதாட்ட வருமானத்திலிருந்து. ஆனால் எவ்வளவு என்பதை ஒவ்வொரு வருடமும் சட்டமன்றம்தான் முடிவு செய்யும். அண்மை வருடங்களில் கிடைப்பது 1.2 கோடி. ‘ஒதுக்கலாம்’ என்ற அனுமதியும் ஒதுக்கீடும் ஒன்றல்ல. டெக்சஸ்காரர்களுக்கும் இது தெரியும். விளையாட்டுப் பொருள் வரி பூங்காவுக்கு என்று 1993-ல் சட்டம் போட்டுவிட்டு, வருடக்கணக்கில் அதில் ஒரு பகுதியை மட்டும் கொடுத்தார்கள். கடைசியில் 2019-ல் சாசனத் திருத்தம் போட்டுத்தான் அந்தக் கையைக் கட்ட வேண்டியிருந்தது.

சரி, பணம் வராததால் என்ன கெட்டுப்போனது? அயோவாவில் பிரச்சினை பூங்காக் கழிப்பறை அல்ல, தண்ணீர். வயலுக்கு அடியில் பதித்த வடிகால் குழாய்கள் வழியாக உரத்தின் நைட்ரேட் ஓடைக்குப் போய், ராக்கூன், டி மொயின் ஆறுகளில் சேர்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம்தான் வரம்பு. டி மொயின் நகரக் குடிநீர் நிறுவனம் 1990களின் தொடக்கத்திலேயே நைட்ரேட்டைப் பிரிக்கப் பெரிய ஆலை கட்டியது. 2015-ல் மேற்பகுதியின் மூன்று மாவட்டங்களில் வடிகால்களை நிர்வகிக்கும் அமைப்புகள் மீது வழக்குப் போட்டது, 2017-ல் வழக்கு தள்ளுபடியானது. 2025 ஜூனில் நைட்ரேட் அளவு ஏறியபோது நகரமும் சுற்றுப்பகுதியுமாகச் சுமார் 6 லட்சம் பேருக்குப் புல்வெளிக்குத் தண்ணீர் விடத் தடை போட்டார்கள். தண்ணீர்ப் பஞ்சம் இல்லை. ஆலையால் அந்த வேகத்தில் சுத்தம் செய்ய முடியவில்லை, அவ்வளவுதான்.

அந்த நிதிக்குப் பணம் வந்திருந்தால் நைட்ரேட் மறைந்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். விவசாயிகள் விரும்பினால் செய்யலாம் என்கிற ஏற்பாடு இருக்கும்வரை பணம் மட்டும் போதாது. ஆனால் ஓடைக்கரைப் புல்பட்டை, மூடுபயிர், ஈரநிலம், இவை எல்லாம் செலவு. செலவைப் பகிர ஆள் இல்லாமல் விருப்பத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

வடக்கே மின்னசோட்டா, தெற்கே மிசௌரி

அயோவாவின் இரண்டு எல்லைகளிலும் அதே மாதிரி சோளம், அதே மாதிரி சோயா. வரி மட்டும் வேறு.

மிசௌரி 1976-ல் எட்டில் ஒரு சென்ட் விற்பனை வரியை வனவிலங்கு, காடு பாதுகாப்புத் துறைக்குக் கொடுத்தது. அதற்குக் காலக்கெடு இல்லை. 1984-ல் இன்னொரு பத்தில் ஒரு சென்ட்: பாதி மாநிலப் பூங்காக்களுக்கு, பாதி மண், நீர் பாதுகாப்புக்கு. அந்தக் காலத்தில் மண் அரிப்பில் நாட்டிலேயே இரண்டாவது மோசமான மாநிலம் அது. மண்ணுக்கான பாதி, வரப்புப் படிகளும் குட்டைகளும் கட்டும் விவசாயிகளின் செலவில் ஒரு பங்காகப் போகிறது. பூங்காக்களில் நுழைவுக் கட்டணமே கிடையாது. இந்த இரண்டாவது வரியை இப்போது பத்து வருடத்துக்கு ஒருமுறை மக்கள் முன் வைக்கிறார்கள். 2016-ல் 80 சதவீதம் ஆதரவு. தாராளவாதிகளின் கோட்டை என்று யாரும் சொல்லாத மாநிலத்தில் ஒரு வரிக்கு இப்படி வாக்கு விழுகிறது.

பூங்காவையும் வயலையும் ஒரே வரியில் சேர்த்துக் கட்டியதுதான் இதன் சூட்சுமம் என்று நினைக்கிறேன். நகரத்துக்காரருக்குப் பூங்கா, கிராமத்துக்காரருக்கு மண், இருவரும் ஒரே கட்டத்தில் ‘ஆம்’ போடுகிறார்கள்.

மின்னசோட்டா 2008 நவம்பரில், பங்குச்சந்தை சரிந்துகொண்டிருந்தபோதே, எட்டில் மூன்று சதவீதம் வரி ஏற்றிக்கொண்டது. அயோவாவின் அதே அளவு. வித்தியாசம் ஒன்றுதான்: இங்கே வாக்காளர்கள் வரியையே ஏற்றினார்கள், ஏற்றும் வேலையைச் சட்டமன்றத்துக்கு விட்டுவைக்கவில்லை. அங்கே வாக்குச்சீட்டில் திருத்தத்தை வெறுமனே விட்டால் அது ‘இல்லை’ என்றே எண்ணப்படும், அப்படியும் சுமார் 56 சதவீதத்தில் தேறியது. சுத்த நீருக்கு 33 சதவீதம், வாழிடப் பாதுகாப்புக்கு 33, பூங்கா, பாதைகளுக்கு 14.25, மீதி 19.75 கலை, பண்பாட்டுக்கு. அந்தக் கலைப் பங்கு ஏன் அங்கே வந்தது என்று கேட்டால், வாக்கு சேர்க்கத்தான். மிசௌரியின் அதே சூட்சுமம், வேறு கூட்டணி. இன்னொரு நல்ல வரியும் எழுதினார்கள்: இந்தப் பணம் ஏற்கெனவே இருந்த ஒதுக்கீட்டுக்கு மேல் வர வேண்டும், அதற்குப் பதிலாக அல்ல.

விற்பனை வரியின் கோளாறு தெரிந்ததே. ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே விகிதம். மிசௌரியில் மளிகைக்கும் மாநில வரி உண்டு, இந்த இரண்டு துளி வரியும் அதில் அடக்கம். பால் வாங்கும் பாட்டியும் பூங்காவுக்குக் கட்டுகிறார். மின்னசோட்டாவில் மளிகைக்கும் துணிக்கும் விற்பனை வரி இல்லை, அதனால் உறுத்தல் குறைவு. மந்த வருடத்தில் விற்பனை வரியும் குறையும், உண்மைதான். ஆனால் எல்லோரும் எதையாவது வாங்கிக்கொண்டேதான் இருக்கிறார்கள், பார்கள் மூடியதும் சரிந்த லாட்டரியைப் போல ஒரே இடத்தை நம்பி இருப்பதில்லை.

என்னைக் கேட்டால், பூங்காவுக்கு மிச்சிகன் முறை. போகிறவர் கட்டட்டும், கட்ட எளிதாக இருக்கட்டும். ஆற்றுக்கும் மண்ணுக்கும் டிக்கெட் போட முடியாது. அங்கே மின்னசோட்டாவின் வரியும் மளிகை விலக்கும், மிசௌரியின் பத்து வருடத் தேர்வும் வேண்டும். மிசௌரியின் 1976 வரியைப் போலக் காலக்கெடுவே இல்லாமல் விடுவது எனக்குச் சம்மதம் இல்லை, யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத துறை என்ற புகார் அங்கிருந்துதான் கிளம்புகிறது. மின்னசோட்டாவின் இருபத்தைந்து வருடமும் கொஞ்சம் நீளம். 2034-ல் அது முடியும்போது, வரிக்கு முன் அந்த ஆறுகள் எப்படி இருந்தன என்று தெரியாத ஒரு தலைமுறைதான் வாக்குச் சாவடிக்கு வரும். மிசௌரிக்கு அடுத்த தேர்வு 2026-ல்.