மெலிந்து வந்த பச்சை மரத்தவளை: எதைக் கொடுத்தோம், எது வேலை செய்தது?

சிட்னியில் ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளை ஒன்று வளர்க்கிறோம். நியூ சவுத் வேல்ஸில் இதற்கு உரிமம் வேண்டும். தோட்டத்துக்கு வந்ததைப் பிடித்துத் தொட்டியில் போட்டுக்கொள்ள முடியாது. எங்களுடையது, உரிமம் வைத்திருந்த ஒருவர் ஊர் மாறும்போது கைமாற்றியது. நிறத்தைப் பார்த்து மகள் சட்னி என்று பெயர் வைத்தாள்.

வந்தபோது 21 கிராம். இந்த இனத்தில் ஒழுங்காகச் சாப்பிடும் தவளைக்குக் கண்ணுக்குப் பின்னால், செவிப்பறைக்கு மேலே ஒரு சதை மடிப்பு தெரியும். சட்னிக்கு அது துளியும் இல்லை, இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. எந்தப் பூச்சியைக் காட்டினாலும் கண்ணை மூடிக்கொள்ளும். இப்போது 39 கிராம். ஒரு வருடத்துக்கு மேல் பயன்படுத்திப் பார்த்ததில் எது உருப்படி, எது தண்டம் என்று எழுதுகிறேன்.

முதலிடம் தெர்மோஸ்டாட்டோடு சேர்ந்த பீங்கான் ஹீட்டருக்கு. சிட்னிக் குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளேயே விறைக்கும். தவளைக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வரவேண்டும். அது இல்லாமல் தின்றது செரிக்காது, வயிற்றிலேயே கெட்டும் போகலாம். கொழுத்த தவளை குளிரில் கொஞ்ச நாள் சாப்பிடாமல் கிடந்தால் பரவாயில்லை. மெலிந்ததை அப்படி விடக்கூடாது. வலை மூடிக்கு வெளியே ஹீட்டரை மாட்டி, பகலில் ஒரு மூலை 27 டிகிரி, இரவில் 20க்குக் குறையாமல் வைத்தோம். பசி எட்டிப் பார்த்ததே அதற்குப் பிறகுதான்.

அதே வாரம் தவளை பார்க்கத் தெரிந்த மருத்துவரிடம் காட்டினோம். மலப் பரிசோதனையில் குடற்புழு இருந்தது, மருந்து கொடுத்தார். தோலில் பஞ்சு ஒற்றி கைட்ரிட் பூஞ்சைக்கும் சோதித்தார், நல்லவேளை, இல்லை. 1998இல் அடையாளம் கண்ட இந்தப் பூஞ்சை ஆஸ்திரேலியாவில் பல தவளை இனங்களையே அழித்திருக்கிறது. பசியின்மையும் மந்தமும் அதற்கும் அறிகுறிகள்தான். அதனால் விதவிதமாகத் தீனி வாங்கிக் குவிக்கும் முன் மருத்துவருக்குச் செலவு செய்யுங்கள்.

தீனியில் சட்னி முதலில் வாய் திறந்தது பட்டுப்புழுவுக்கு. மெத்தென்று இருக்கும், ஈரச்சத்து அதிகம், ஓடாது. விலைதான் கடிக்கும். சுவர்க்கோழிப் பூச்சி துள்ளுவதால் தவளையின் கண்ணை இழுக்கும், ஆனால் துவண்டு கிடக்கும் தவளையால் அதைத் துரத்த முடியாது. மிஞ்சியதை இரவில் தொட்டியிலேயே விட்டால் அது தவளையைக் கடிக்கும். மாவுப்புழு எனக்குப் பிடிக்கவில்லை: ஓடு கெட்டி. மெழுகுப்புழு வெறும் கொழுப்பு, பழகிவிட்டால் வேறெதையும் தொடாது.

நிரந்தரத் தீனி இப்போது கடையில் வாங்கும் கரப்பான்தான். நாற்றம் குறைவு, சத்தம் கிடையாது, டப்பாவிலேயே பெருகும். வீடியோ காலில் பார்த்த அம்மா, "ஏன்டா, காசு குடுத்தா கரப்பான் வாங்குற? இங்க வா, சும்மாவே தர்றேன்" என்றார். வீட்டுக் கரப்பான் வேண்டாம், மருந்து தின்றிருக்கும்.

முனை மழுங்கிய மூங்கில் இடுக்கி அவசியம். விளக்கணைத்து அரைமணி கழித்து, மூக்குக்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் புழுவை மெல்ல அசைக்க வேண்டும். முதலில் விரல்நுனிகள் துடிக்கும், பிறகு உடம்பு முழுக்க அந்தப் பக்கம் திரும்பும். அடுத்த நொடி இடுக்கியோடு கவ்வும். விழுங்கும்போது இரண்டு கண்களும் உள்ளே அமுங்கி மறையும். இரையைத் தொண்டைக்குள் தள்ள அந்தக் கண்களும் உதவுகின்றன. இரை தலையின் அகலத்தைத் தாண்டக் கூடாது. வாயைப் பிளந்து ஊட்டுவதை மருத்துவர் சொல்லாமல் செய்யாதீர்கள், தாடை மென்மையானது.

கால்சியம் பொடியைப் பூச்சிமேல் தூவுகிறோம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர்க் கிண்ணத்துக்குக் குளோரமின் (குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லச் சேர்க்கும் குளோரின் சேர்மம்) நீக்கும் திரவம் வாங்குங்கள். சிட்னிக் குழாய்த் தண்ணீரை ஒருநாள் திறந்து வைத்தால் போதும் என்பார்கள். குளோரின் என்றால் சரி, குளோரமின் அப்படிப் போகாது.

மடிப்பு இப்போது நன்றாகத் தெரிகிறது. அது செவிப்பறைமேல் தொங்க ஆரம்பித்தால் அதிக எடை என்று அர்த்தம், அதனால் வாரம் இரண்டு வேளையாகக் குறைத்துவிட்டோம்.